பரிமளா அக்கா வில்லை உயர்த்திய இடம்

செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளவத்தையில் என் வீட்டு இசை வகுப்பு தொடங்குமுன் தொலைபேசி ஒலித்தது. "அன்ரி, அம்மா விடிய மோசம் போட்டா," என்றாள் பரிமளா அக்காவின் மகள். செத்தவீடு நாளைக்கு என்றும் சொன்னாள். வந்திருந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கொட்டாஞ்சேனையில் அவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

பதினெட்டு ஆண்டுகள் என் பாட்டுக்கு வயலின் வாசித்தவர் பரிமளா அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முகத்துவாரத்தில் ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பித்தார். கச்சேரிகளுக்கு வயலின் பெட்டியோடு பஸ்ஸில்தான் வருவார். "கண்டக்டர் பெட்டிக்கும் டிக்கட் எடுக்கட்டாம். அதுக்கு ஒரு சீற் தாரும், எடுக்கிறன் எண்டனான்," என்று சிரித்துக்கொண்டே மேடையேறுவார்.

அந்த நாட்களில் ஆறு கட்டைச் சுருதியில் பாடுவதை நான் பெருமையாக நினைத்தேன். எட்டாத உயரங்களைத் தொண்டையை இறுக்கிக் கத்திப் பிடித்தேன். கண்ணை மூடி முகத்தைச் சுருக்கினால் சபை அதை உருக்கம் என்று நம்பியது, நானும் நம்பினேன். குரல் பிசிறும் இடங்களில் பரிமளா அக்கா வில்லை அழுத்தி, வயலினின் ஒலியால் அதை மூடிவிடுவார். பல வருடங்களாக அது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் ஒத்திகையில் அவரே சொன்னார். "சுமதி, நீர் கத்துறீர், நான் மூடுறன். இப்பிடியே போனா உமக்குக் குரலே மிஞ்சாது. சுருதியைக் குறையும். இனி நான் மூடமாட்டன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த மாதம் வெள்ளவத்தையில் ஒரு கோயில் மண்டபத்தில் கச்சேரி. இறைவனை வரச் சொல்லிக் கெஞ்சும் ஒரு விருத்தத்தில் மேலே ஏறினேன். அவர் வில்லைத் தந்தியிலிருந்து உயர்த்தினார். என் குரல் உடைந்தது மண்டபம் முழுவதும் கேட்டது.

கச்சேரி முடிந்து என்ன நடந்தது என்று கேட்டவர்களிடம், "வயலின் பிழைச்சிட்டுது, நானும் தடுமாறிட்டன்," என்றேன். அந்தக் கதை பரவியது. அவரை வழக்கமாக அழைத்த இரண்டு பாடகர்கள் அழைப்பதை நிறுத்தினார்கள்.

எட்டு மாதம் நான் அவரோடு கதைக்கவில்லை. பிறகு என் தொண்டை அடைத்தது. ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாது என்றார் வைத்தியர். செய்தி கேட்டு, சூப் போத்தலோடு முதலில் வந்தவர் அவர்தான். குரல் திரும்பியதும், "அக்கா, நடந்ததை எல்லாருக்கும் சொல்லிப்போடுறன்," என்றேன்.

"நான் மேடையில நித்திரை கொண்டதெண்டும் ஒராள் சொன்னவ. அதை விடும். முதல் மூச்சைப் பாரும்."

அவர் வீட்டு முன்னறையில் சுருதியை அரைக் கட்டை குறைத்து மீண்டும் தொடங்கினேன். தோளை இறக்கவும், சொல் முடியுமுன் மூச்சை முடிக்காமலிருக்கவும் மாதக்கணக்காயிற்று. அவர் வயலினைத் தொடாமல் எதிரே இருப்பார். "பாடாதேயும். அண்டைக்கு உடைஞ்ச அந்த விருத்த வரியை எனக்குச் சொல்லும்." சொன்னேன். "வராத ஆளைக் கூப்பிடுறீரோ, பஸ்ஸை மறிக்கிறீரோ?"

ஒரு பின்னேரம் அந்த வரி இறுக்கமில்லாமல், மிகச் சிறிதாக வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம், இப்ப ஒராள் கூப்பிடுது," என்றார்.

அதன்பின் என் குரலைப் புகழ்ந்தார்கள். மேடைகளில் அவருக்கு நன்றி சொன்னேன். சொல்வதாகச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவரும் ஒருபோதும் கேட்கவில்லை.

புதன்கிழமை செத்தவீட்டில், பக்கத்துக் கதிரையிலிருந்த முதியவர் ஒருவர் அன்போடுதான் சொன்னார்: "என்ன மாதிரி வாசிப்பு! அண்டைக்கு அந்தக் கோயிலிலதான் ஒருக்காப் பிழைச்சவ."

"இல்லை ஐயா. அண்டைக்குப் பிழை விட்டது நான். அவவில பழியைப் போட்டதும் நான்தான்."

தேநீர்த் தட்டோடு நின்ற மகள் என்னைப் பார்த்தாள். தாய் அவளிடம்கூட உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். பேழை புறப்பட்டபோது என் பக்கத்தில் வந்து நின்றாள். என் கையைப் பிடிக்கவில்லை.

அன்று அந்த மண்டபத்தில் இருந்த எல்லோரும் செத்தவீட்டுக்கு வரவில்லை. அவர்களுக்காக இதை எழுதுகிறேன்: பரிமளா அக்கா அன்று ஒரு சுரமும் தவறவில்லை. என் குரலைக் காப்பாற்ற வில்லை உயர்த்தினார்.

போய் வாருங்கள், அக்கா. நீங்கள் இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.