குச்சி டீச்சரின் இடது காது

கண் தெரியாதவர்களைச் சேர்த்துப் படிப்பும் தொழிலும் சொல்லித்தரும் அந்த இல்லத்தில் பத்தொன்பது வருஷம் நான் ஆயாவாக இருந்தேன். அங்கே நடைப் பயிற்சி கொடுத்தவளைத்தான் எல்லோரும் குச்சி டீச்சர் என்பார்கள். அவளுக்கும் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. ஏழு வயதில் அப்பன்காரன் அவளை இல்லத்து வாசலில் உட்கார வைத்து, "இதோ வந்துர்றேன்" என்று போனவன்தான். அன்றிலிருந்து அந்த இல்லம்தான் அவளுக்கு வீடு. வெள்ளைக்குச்சியால் தரையைத் தட்டி, வரும் சத்தத்தைக் கேட்டே, முன்னால் சுவரா சந்தா என்று சொல்லிவிடுவாள். இருநூறு பேருக்கு மேல் ரோட்டைக் கடக்கப் பழக்கிவிட்டாள். ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை.

இல்லத்துக்கு எதிரே கல் லாரி போகிற ரோடு. இடப்பக்கம் மேடு, வலப்பக்கம் சரிவு. பயிற்சிக்குப் போகும்போது கண்ணுள்ள ஒருத்தி பத்தடி பின்னால் வரவேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் டீச்சர் போட்ட சட்டம். "நீங்க கத்தினா அவங்க ரோட்டக் கேக்க மாட்டாங்கக்கா, உங்களக் கேப்பாங்க" என்பாள். அந்த ஒருத்தி நான்தான்.

அந்த வருஷம் நடை பழக வந்தவர்களில் ஒரு பஸ் டிரைவர். சர்க்கரை வியாதியில் பார்வை போய்விட்டது. ஐம்பத்தைந்து வயது மனுஷன், முதல் நாள் கேட்டுக் கம்பியை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

"முப்பது வருஷம் ஹாரன் அடிச்சு ஊரையே ஓரங்கட்டினேன் ஆயாம்மா. இப்ப ரோடு என்னை ஓரங்கட்டிருச்சு."

"பேச்சு மட்டும் பிரேக் இல்லாம ஓடுதுண்ணே. கால எடுத்து வைங்க" என்றாள் டீச்சர்.

மழைக்காலம் முடிந்தபோது எனக்கு ஏதோ உறுத்த ஆரம்பித்தது. நான் இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் அவள் வலப்பக்கம் திரும்பினாள். மாணவர்கள் எல்லோரும் அவளுக்கு வலப்பக்கமாகவே நடந்தார்கள். அங்கே யார் அறைக்குள் வந்தாலும் தான் யார், எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் பேசுவது பழக்கம். "டிரைவர் வந்திருக்கேன், உங்களுக்கு இடப்பக்கம், ஜன்னலோரம்" என்று அவர்கள் முன்னைவிட நீட்டி முழக்கியதை மரியாதை என்று நினைத்தேன். கண்ணிருந்தும் குருடி நான்.

ஒருநாள் துணி மடிக்கிற அறையில் அவளுடைய இடது காதோரம் சாவிக்கொத்தை ஆட்டினேன். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"எத்தனை நாளா?" என்று கை பிடித்துக் கேட்டேன்.

கையை உருவிக்கொண்டு துணியை மடித்தபடி சொன்னாள்: "ரெண்டு மாசம். சளி புடிச்சுது, சீழ் வந்துது, அடங்கிருச்சு. காதும் அடங்கிருச்சு."

"ஒண்ணு இருக்கே."

"ஒரு காதுக்கு எல்லாச் சத்தமும் ஒரே பக்கம்தாங்க்கா. வண்டி வருதுன்னு தெரியும். எங்கேருந்துன்னு தெரியாது."

"அப்ப தினம் ரோட்ல?"

"எந்தப் பக்கம்னு டிரைவர் அண்ணன் கைய அமுக்கிச் சொல்வாரு. எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

"ஆபீஸ்ல சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"வர்ற வெள்ளிக்கிழமை அண்ணனுக்குக் கடைசி நாள். அவரத் தாண்ட வெச்சிட்டு நானே சொல்றேன். இந்த ஒண்ணே ஒண்ணு. பாதியில விட்டா அவரு மறுபடி கேட்டத் தாண்ட மாட்டாருக்கா."

சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்றுவரை என்னால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கடைசி நாளுக்கு ஒரு முறை உண்டு. டீச்சர் தனியாக முதலில் தாண்டி அந்தப் பக்கம் பேசாமல் நிற்பாள். மாணவர் பிறகு தானே கேட்டு, தானே முடிவெடுத்து வரவேண்டும். கையை அமுக்க அன்றைக்கு ஆள் கிடையாது என்பது வெள்ளிக்கிழமை காலை கேட்டைத் திறக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. "இன்னைக்கு வேண்டாம்டி" என்றேன். அவள் சிரித்தாள்.

"இருநூறு தடவ தனியாத் தாண்டின ரோடுக்கா. காலுக்கே தெரியும்."

ஓரத்தில் நின்று கேட்டாள். ஒரு மொபெட் போய் மறைந்தது. ரோடு அமைதியானது. குச்சியை நீட்டி இறங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று அடி.

என் பக்கத்தில் நின்ற டிரைவர் தலையை உயர்த்தினார். "ஆயாம்மா... மேட்டுலேருந்து ஒருத்தன் வர்றான். இன்ஜின அணைச்சு நியூட்ரல்ல விட்டிருக்கான், பாவி. டயர் சத்தம் மட்டும்தான்."

நான் பார்த்தேன். லாரி மேட்டிலிருந்து உருண்டு வந்துகொண்டிருந்தது. அவள் இன்னும் பாதியைத் தாண்டவில்லை. இரண்டடி பின்வாங்கினால் போதும்.

"வந்துரு! வந்துரும்மா!" என்று கத்திவிட்டேன்.

அவள் முகம் மலர்ந்து, கால் வேகமெடுத்தது. முன்னால்.

உயிர் பிழைத்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூன்றாம் நாள் பேசினாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நீங்க அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சுக்கா" என்றாள். "எப்பப் போனீங்க, எப்படிப் போனீங்கன்னு யோசிக்க நேரமில்ல. கூப்பிட்டீங்களேன்னு ஓடி வந்தேன்."

அன்று மாலையே ஆபீஸ் அம்மாவை வரவழைத்து, காது விஷயத்தை அவளே சொன்னாள். யாருக்கெல்லாம் தெரியும் என்று அந்தம்மா கேட்டதற்கு, "எனக்கு மட்டும்தான்" என்றாள். நான் விடவில்லை. எனக்கும் தெரியும் என்று சொன்னேன். வேலையை விட்டு எடுத்தால் எடுக்கட்டும் என்றிருந்தேன், எடுக்கவில்லை. அதுவும் எனக்கு நிம்மதி தரவில்லை.

இப்போது கண்ணுள்ள பையன் ஒருவன் நடை பழக்க வருகிறான், நல்லவன். டீச்சர் மாடியில், விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்துச் சொல்லித்தருகிறாள். பத்தடி பின்னால் நடக்க என்னைக் கூப்பிட்டார்கள். இந்த ஜென்மத்தில் மாட்டேன் என்றுவிட்டேன். டிரைவரை ரோட்டைத் தாண்டச் சொல்லி டீச்சர் கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். "அடுத்த வாரம் பாக்கலாம் டீச்சர்" என்பார். அந்த அடுத்த வாரம் வந்தபாடில்லை. காலையில் கேட்டுக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

நேற்று அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினவர் குடிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"அதே வண்டி ஆயாம்மா" என்றார். "இன்னைக்கும் நியூட்ரல்லதான் வர்றான்."