ஏழாவது சுரம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளன். சாட்சி தும்மினால் தும்மினார் என்று எழுதுவேனே தவிர, என் பங்குக்கு ஒரு சொல் சேர்க்க மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன வருடம் கண்ணாடிக் கதவு ஒன்று உடைந்து என் வலது புறங்கையைக் கிழித்தது. மோதிர விரலைத் தூக்கும் தசைநார் அறுந்துபோய்விட்டது. டாக்டர் தைத்தார். கட்டுப் பிரித்த பிறகும் அந்த விரல் மட்டும் எழவே இல்லை. அலுவலகத்தில் தட்டச்சு வேகத் தேர்வு வைக்கப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. தேறாவிட்டால் கீழ்த்தளத்துப் பதிவறை. ஜன்னல் இல்லாத அந்த அறைக்குப் போனவர்கள் யாரும் மேலே திரும்பி வந்ததில்லை. ஓய்வு பெற்றுத்தான் வெளியே வந்தார்கள்.

விரலுக்குப் பயிற்சி வேண்டும் என்றார்கள். என் மனைவியின் அண்ணன் பழைய பியானோக்களைப் பழுது பார்ப்பவர். அவருடைய பட்டறைக்குப் போனேன்.

"மைனர் ஸ்கேல்னு எட்டு சுர வரிசை ஒண்ணு இருக்கு, சொல்லித் தரேன்," என்றார். "இந்த வயசுல மைனர் ஆகற யோகம் யாருக்கு வரும், மாப்ள?"

"கிண்டலை விடுங்க மச்சான். விரல் எழுந்தா போதும்."

"அதுக்குத்தான் இது. மத்ததெல்லாம் வெள்ளைக் கட்டை. ஏழாவது சுரம் மட்டும் அரைப்படி ஏறிக் கறுப்புக் கட்டைக்குப் போகும். அது மோதிர விரலோட வேலை. தூக்காம கறுப்பைத் தொட முடியாது."

மூன்று விரல்கள் முடிந்ததும் பெருவிரலை உள்ளங்கைக்கு அடியில் நுழைத்து மேலே ஏற வேண்டும். அது வந்துவிட்டது. ஏழாவதில்தான் தகராறு. ஒவ்வொரு மாலையும் விரல் தொய்ந்து, பக்கத்து வெள்ளைக் கட்டையிலேயே விழுந்தது.

ஒரு வியாழக்கிழமை நல்ல மழை. மச்சான் ஒரு பியானோவை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

"அரை மணி நேரத்துல வந்துடறேன். சாரல் அடிக்குது, ஷட்டரைப் பாதி இறக்கிட்டுப் போறேன்."

சுவர்க் கடிகாரத்தில் ஆறு நாற்பது. எனக்குப் பின்னால் பழுதுக்கு வந்த பியானோக்கள் வரிசையாக நின்றன. நான் வாசித்தேன். ஏழாவது தப்பியது. பின்வரிசையில் ஒரு தந்தி மெல்ல ரீங்கரித்தது.

பயப்படவில்லை. ஒரு பியானோவில் தந்தி அதிர்ந்தால், அதே சுதியில் இருக்கும் இன்னொன்றும் சேர்ந்து அதிரும் என்று மச்சான் சொல்லியிருந்தார்.

மறுபடி வாசித்தேன். மறுபடி தப்பியது. மறுபடி அந்த ரீங்காரம்.

அப்போதுதான் காதில் உறைத்தது. நான் அழுத்தியது வெள்ளைக் கட்டையை. பின்னால் ஒலித்தது... கறுப்பு.

போனை எடுத்தேன்.

"மச்சான், இங்க வேற யாராவது இருக்காங்களா?"

"எலி இருக்கும். பாத்தா வாடகை கேளுங்க."

வைத்துவிட்டார்.

இந்த முறை ஆறு சுரங்களோடு நிறுத்தினேன். கையைக் கட்டையிலிருந்து எடுத்தேன்.

ஏழாவது வந்தது. பின்னாலிருந்து... சுத்தமாக.

எட்டாவதும் வந்தது.

பிறகு, முதலிலிருந்து... ஒவ்வொன்றாக. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்வதுபோல.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் இருபது வருடப் பழக்கம். யாராவது சொல்லச் சொல்ல என் கை தானாக ஓடும். என்னைக் கேட்காது.

ஓடியது.

அது ஒரு சுரம். நான் ஒரு சுரம்.

ஏழாவதில் மோதிர விரல் எழுந்தது.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் வந்தது சந்தோஷம். பதிவறை இல்லை, ஜன்னல் உண்டு, பிழைத்தேன் என்றுதான் நினைத்தேன். இன்னும் ஒருமுறை வாசித்தேன். இன்னும் வேகமாக.

பின்னால் சத்தம் நின்றது.

என் கை நிற்கவில்லை.

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். நான்கு விரல்கள் வந்தன. ஐந்தாவது வரவில்லை.

மோதிர விரல்.

கறுப்புக் கட்டையிலேயே... தட்டியது. எழுந்தது. தட்டியது.

'கடகட'வென ஷட்டர் ஏறியது. விரல் சட்டென்று விட்டது.

மச்சான் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தார். "அடேங்கப்பா! தெருமுனை வரைக்கும் கேட்டுது. ரெண்டு கையாலயும் வாசிக்க எப்ப கத்துக்கிட்டீங்க, மாப்ள?"

மழையிலேயே இறங்கி நடந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பட்டறைப் பக்கமே போகவில்லை.

தேர்வில் தேறினேன். பழைய வேகத்தைவிட அதிகம். மனைவி அண்ணனுக்குப் போன் போட்டு அழுதுகொண்டே நன்றி சொன்னாள். எனக்கும் மெல்ல மெல்ல எல்லாம் பிரமை என்று தோன்ற ஆரம்பித்தது.

அடுத்த மாதம் டாக்டர் வழக்கமான பரிசோதனைக்கு அழைத்து ஸ்கேன் எடுத்தார். திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தையல் பிரிஞ்சிருக்கு. கட்டுப் பிரிக்கறதுக்கு முன்னாடியே பிரிஞ்சிருக்கணும். தசைநார் ஒட்டவே இல்லை. ரெண்டு முனையும் ஒதுங்கிப் போயிருக்கு பாருங்க. இந்த விரலைத் தூக்க வழியே கிடையாது."

"தூக்க முடியுதே டாக்டர்."

மேசைமேல் கையை வைத்துக் காட்டினேன். விரல் எழுந்தது.

அவர் தன் விரலால் அதைக் கீழே அழுத்திப் பார்த்தார். அது அழுந்தவில்லை. என் புறங்கையைத் தடவினார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"நீங்க தூக்கினா இங்க புடைக்கணும்," என்றார், குரலைத் தாழ்த்தி. "இங்க ஒரு அசைவும் இல்லை. விரலுக்குக் கீழே இருந்து... யாரோ தாங்கிப் பிடிக்கற மாதிரி இருக்கு."

பிறகு அவர் காலண்டரைத் தன் பக்கம் இழுத்தார்.

"மறுபடி திறந்து தைச்சுடலாம். எந்தத் தேதி வசதி?"

என் கை மேசையிலிருந்து விலகி மடிக்கு வந்தது.

நான் எடுக்கவில்லை.