மிதுன லக்னமும் ஒன்றரை மணிப் பாலும்

கொல்கத்தாவின் பெஹாலாவில் கோவிந்தராஜன் குடியிருக்கும் அடுக்ககத்தில் நேரத்தைப் பற்றி எவருக்கு ஐயம் எழுந்தாலும் அவர் வீட்டுக் கதவுதான் தட்டப்படும். கனடாவிலிருந்து மகன் அழைப்பதாகச் சொன்ன நேரம் இங்கே எத்தனை மணி என்று கீழ்வீட்டு வங்காளி அம்மையார் கேட்பார். வாசலில் நின்றபடியே இவர் சொல்லிவிடுவார். முப்பத்து நான்கு ஆண்டுகள் ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து, எந்த வண்டி எந்த நிலையத்தை எந்த நிமிடத்தில் கடந்தது என்று கட்டம் போட்ட தாளில் கோடு இழுத்தவர் அவர். இருபத்து நான்கு மணிக் கணக்கு அவருடைய நாவில் ஊறியிருந்தது. ஓய்வு பெற்ற பின்னும் மாறவில்லை.

"பதினேழு நாப்பதுக்குக் காப்பி வேணுமாம்! என் அடுப்பங்கரையில என்ன மெயில் வண்டியா வந்து நிக்கப் போறது?" என்று மனைவி பத்மஜா கேலி செய்வாள். அவரும் சிரித்துக்கொள்வார். ஆனால் காப்பி பதினேழு நாற்பத்தைந்துக்கு வந்தால் அவர் முகம் சற்றே வாடும்.

அப்படிப்பட்டவர் ஒரு நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டார். அது அவர் மகளின் பேறு குறித்த நேரம்.

வித்யாலக்ஷ்மியின் வயிற்றில் குழந்தை தலைமேலாக அமர்ந்திருந்ததால் அறுவை செய்துதான் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் ஸ்மிதா முன்னரே சொல்லியிருந்தார். ஜூன் எட்டாம் நாள் காலை, ஏழிலிருந்து ஒன்பதுக்குள் குடும்பத்தார் விரும்பும் வேளையைச் சொல்லலாம் என்றும் இசைந்திருந்தார். உடனே சம்பந்தி மஹாதேவன் கும்பகோணத்துச் சோதிடரிடமிருந்து ஒரு குறிப்பை வரவழைத்தார். உதயாதி நாழிகை நான்கு முதல் ஆறரை வரை, மிதுன லக்னம் உத்தமம். பிறக்கும் ஊரின் சூரிய உதயத்திலிருந்து எண்ணுக என்றது அக்குறிப்பு.

மஹாதேவனுக்கு இதில் இருந்த பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. அவருடைய மகன் அனந்த் பிறந்தபோது எவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பின்னர் ஏதோ ஒரு நேரத்தை உத்தேசமாகச் சொல்லிச் சாதகம் எழுதினார்கள். அந்தச் சாதகத்தைக் கையில் எடுத்த ஒவ்வொரு சோதிடரும் ஒவ்வொன்று சொன்னார். பொருந்தவில்லை, பொருந்தவில்லை என்றே வரன்கள் தட்டிப் போய், முப்பத்தாறாம் வயதில்தான் அனந்துக்குத் திருமணம் கூடியது. "என் பேரக் கொழந்தைக்கு அந்தக் கதி வரப்படாது. நிமிஷம் தப்பப்படாது, சம்பந்தி. நீங்க ரயில்வேக்காரர், உங்களை நம்பித்தான் இருக்கேன்" என்று அவர் கோவிந்தராஜனிடம் பொறுப்பை ஒப்படைத்தார்.

ஒரு நாழிகைக்கு இருபத்து நான்கு நிமிடம். இதைக் கணக்கிட விரல்களே போதும். ஆயினும் கோவிந்தராஜன் தம் கணக்கை இன்னொரு கணக்கால் சரிபார்க்காமல் எதையும் வெளியில் சொல்லாதவர். இணையத்தில் நாழிகையைக் கடிகார மணியாக மாற்றித் தரும் ஒரு பக்கம் இருந்தது. நாழிகையை இட்டால் சூரிய உதயத்தைத் தானே கூட்டி, பன்னிரண்டு மணி வடிவிலும் இருபத்து நான்கு மணி வடிவிலும் விடை தரும். அதில் மொழி கேட்டது. ஆங்கிலம் இருந்தது, வங்காளமும் இருந்தது. இந்த ஊரில் மூன்றாம் தலைமுறையாக வாழ்ந்தும் வீட்டுக்குள் தமிழை விட்டுக்கொடுக்காத கோவிந்தராஜன், ஒருவகைப் பெருமிதத்தோடு தமிழைத் தொட்டார். 07:18 முதல் 08:18 வரை என்று விடை வந்தது. ஏழரைக்கு உள்ளே அழைத்துச் சென்றால் ஏழே முக்காலுக்குள் குழந்தை பிறக்கும் என மருத்துவரிடம் சொல்லி முடிவும் ஆயிற்று.

முந்தைய மாலையே வித்யாவைச் சால்ட் லேக் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரவு பத்மஜா துணை இருந்தாள். கோவிந்தராஜன் விடியுமுன் பெஹாலாவிலிருந்து கிளம்பினார். வண்டி பாதி வழி வருவதற்குள்ளாகவே கதிர் எதிர்க் கண்ணாடியில் சுள்ளென்று அடித்தது. ஓட்டுநர் மறைப்புப் பலகையைக் கீழே இழுத்துக்கொண்டார். கோவிந்தராஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 05:20. ஏதோ ஒன்று நெஞ்சில் இடறியது; இன்னதென்று பிடிபடவில்லை.

மருத்துவமனை வாசலில் பத்மஜா காத்திருந்தாள். "வித்யா பசிக்கறதுன்னு அழுதா. ஏழரைக்குத்தானே உள்ள போகணும், ஆறு மணி நேரம் இடைவெளி போதும்னு அந்த நர்ஸ் சொன்னாளே, அதான் சரியா ஒன்றரைக்கு ஃப்ளாஸ்க்லேர்ந்து அரை டம்ளர் பால் குடுத்தேன். மணி பாத்துத்தான் குடுத்தேன், உங்க சகவாசம்" என்றாள். பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் வருகிறேன் என்று நகர்ந்தாள்.

மாடித் தாழ்வாரத்தில் மஹாதேவன் பட்டு வேட்டியோடு அமர்ந்திருந்தார். அருகில் அனந்த், அலுவலக அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றவும் மறந்தவனாய் நின்றிருந்தான். கோவிந்தராஜன் ஒதுங்கி உட்கார்ந்தார். உதடுகளில் ஒரு பதிகம் ஓடிக்கொண்டிருந்தது. விரலோ கைப்பேசியில் அந்தப் பக்கத்தை மீண்டும் திறந்தது. விடைக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்ததை அன்றுதான் அவர் கண்கள் கண்டன. சூரிய உதயம் 05:42. ஊர்: சென்னை.

பதிகம் நின்றது.

தமிழைத் தேர்ந்தெடுத்தவர் தமிழ்நாட்டில்தான் இருப்பார் என்று அந்தக் கருவி தானாகவே சென்னையை எடுத்துக்கொண்டிருந்தது. சென்னையில் கதிர் எழுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே கொல்கத்தாவில் பொழுது புலர்ந்துவிடுகிறது. அறுபது ஆண்டுகளாக இந்தக் கிழக்கு வானத்தின் கீழே கண்விழித்தவர் அவர். ஊரை மாற்றினார். உதயம் 04:51. வேளை 06:27 முதல் 07:27 வரை.

சுவர்க் கடிகாரம் 06:38 காட்டியது. வேளை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

சொல்லாமல் இருந்துவிடலாம். ஏழே முக்காலுக்குக் குழந்தை பிறக்கும், எல்லாரும் மகிழ்வார்கள், எவர் இனி உதயத்தைக் கணக்கிடப் போகிறார்? இவ்வெண்ணம் அவருக்குள் எழுந்து நின்ற நேரம் ஒரு நிமிடம்கூட இராது. எழுந்து சென்று சம்பந்தியின் முன் நின்றார்.

"தப்பு பண்ணிட்டேன். சென்னை உதயத்துக்குக் கணக்குப் போட்டுட்டேன். நம்ம ஊருக்கு ஏழு இருபத்தேழோட முடிஞ்சுடறது."

மஹாதேவன் முதலில் விளங்காதவர்போலப் பார்த்தார். விளங்கியதும் முகம் சிவந்தது. "என்ன சொல்றேள்? முப்பத்து நாலு வருஷம் வண்டி விட்டவர், ஊர் பேரைப் பாக்கலையா?"

"பாக்கலை. என் தப்புதான்."

"தப்புன்னா ஆச்சா? இப்ப என்ன பண்றது?"

அதற்கு விடைபோல, பேறு அறைக் கதவைத் திறந்துகொண்டு மருத்துவர் ஸ்மிதா வெளியே வந்தார். விடியலில் வந்த ஓர் அவசரப் பேற்றை முடித்திருந்தார். மயக்க மருந்து தருபவரும் அதற்காக வந்து உள்ளேயே இருந்தார். மஹாதேவன் பாய்ந்து சென்று, தமக்குத் தெரிந்த வங்காளத்தில் வேளை மாறிய கதையைக் கொட்டினார். உடனே அழைத்துச் சென்றால் ஏழேகாலுக்குள் முடியுமா என்று கேட்டார். ஸ்மிதாவின் முகத்தில் சலிப்பில்லை. இத்தகைய வேண்டுதல்கள் அவருக்குப் புதியவையல்ல.

"அறை ஒழிந்திருக்கிறது. ஆளும் இருக்கிறார். முடியாதென்று சொல்லமாட்டேன்" என்றார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்துப் புருவம் சுருக்கினார். "பன்னிரண்டு மணிக்குப் பின் உணவில்லை என்று எழுதியிருக்கிறது. ஆனால் இரவில் அம்மா பால் கொடுத்தார் என்கிறாள் வித்யா. அரைத்தூக்கமாம், மணி தெரியவில்லையாம்." கோவிந்தராஜனை நோக்கித் திரும்பினார். "மேசோமொஷாய், உங்களுக்குத் தெரியுமா? பால் எத்தனை மணிக்கு?"

வங்காளப் பிள்ளைகள் பெரியவர்களை மரியாதையோடு அழைக்கும் அந்த முறைச்சொல் அவர் காதில் விழுந்தது. விடை நாவின் நுனியில் இருந்தது. அதற்குள் மஹாதேவன் அவர் முழங்கையைப் பற்றினார். மருத்துவருக்குப் புரியாத தமிழில் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"எத்தனை மணிக்குக் குடுத்தாளாம்?"

"ஒன்றரை. ஆறு மணி நேரம்னா ஏழரை ஆகும்."

"பன்னண்டரைன்னு சொல்லுங்கோ."

"சம்பந்தி!"

"அரை டம்ளர் பால், ஸ்வாமி! இன்னும் அரை மணி, முக்கால் மணி வித்யாசம். அதுக்குள்ள என்ன ஆயிடும்? உங்க தப்பைச் சரிபண்ண பகவானே வழி விட்டிருக்கார். அந்த டாக்டரைச் சீக்கிரமே வரவெச்சது யாரு?"

"அப்பா, ஹோபே நா" என்றான் அனந்த் தடுமாறி. பதற்றத்தில் அவனுக்கு வங்காளம்தான் முன்னே வந்தது. "அதெல்லாம் கூடாது. ப்ளீஸ்."

"நீ சும்மா இருடா. உன் ஜாதகத்துக்காக நான் ஏறி எறங்கின படி எனக்குத்தான் தெரியும்."

ஸ்மிதா காத்திருந்தார். உள்ளிருந்து செவிலி எட்டிப் பார்த்தாள். சுவரில் 06:44.

கோவிந்தராஜனின் நினைவில் ஒரு பழைய பனிக்காலை எழுந்தது. மேலதிகாரி ஒருவர் பயணம் செய்த வண்டி ஒரு சிறு நிலையத்தின் வெளியே நின்றது. முன்னே சென்ற சரக்கு வண்டி அடுத்த நிலையம் சேர்ந்த செய்தி இன்னும் வரவில்லை. 'சேர்ந்திருக்கும்ப்பா, விடு' என்று தொலைபேசியில் வந்த குரல் அதட்டியது. செய்தி வராமல் விடமாட்டேன் என்று அவர் பதினொரு நிமிடம் அந்த வண்டியை நிறுத்தி வைத்தார். சரக்கு வண்டி நலமாகவே போய்ச் சேர்ந்திருந்தது. நிறுத்தியதற்காக அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்ததேயன்றிப் பாராட்டு வரவில்லை. ஆயினும் சேர்ந்திருக்கும் என்பது வேறு, சேர்ந்தது என்பது வேறு என்ற அந்த ஒரு வேறுபாட்டின் மீதுதான் தம் வாழ்நாள் ஊதியமெல்லாம் நின்றது என்று அவர் எண்ணியிருந்தார். அன்று நிறுத்தியது முகம் அறியாதவர்களுக்காக. இன்று உள்ளே படுத்திருப்பவள் வித்யா.

முழங்கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"ஒன்றரை மணி" என்றார் தெளிவான வங்காளத்தில். "என் மனைவி கடிகாரம் பார்த்துக் கொடுத்தாள். அரை டம்ளர். ஜீரோ ஒன், த்ரீ ஜீரோ என்றே எழுதிக்கொள்ளுங்கள்."

ஸ்மிதா எழுதிக்கொண்டார். "அப்படியானால் ஏழரைக்கு முன் தொடமாட்டேன். வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் நான் பார்க்க வேண்டியது லக்னத்தை அல்ல" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் மஹாதேவன் திரும்பிப் போய் நாற்காலியில் அமர்ந்தார்.

பத்மஜா குங்குமத்தோடு வந்தாள். மூவர் முகங்களையும் பார்த்தாள். கணவர் அருகில் அமர்ந்து நடந்ததைக் கேட்டறிந்தாள். 07:27-ஐ முள் கடந்தபோது மஹாதேவன் கண்களை மூடிக்கொண்டார். ஏழரைக்கு வித்யாவைத் தள்ளுவண்டியில் கொண்டு சென்றார்கள். கடந்து போகையில் அவள், "அப்பா, டயம் சரியா இருக்கா?" என்று கேட்டாள். கோவிந்தராஜன் அவள் நெற்றியைத் தொட்டார். "சரியான டயத்துக்குத்தான் போறே" என்றார்.

கதவு மூடிக்கொண்டது. அதன் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு விளக்கின் முன் காத்திருப்பது அவருக்குப் பழகிய தொழில். அன்று அது கைகூடவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், மீண்டும் எழுந்தார். விட்ட இடத்திலிருந்து பதிகத்தைத் தொடரப் பார்த்தார், அடி மறந்திருந்தது.

அழுகுரல் கேட்டபோது அவர் குழந்தையை நினைக்குமுன் கடிகாரத்தைப் பார்த்தார். 07:52. பிறகுதான் கண்கள் நிறைந்தன. செவிலி வந்து பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்றாள். அனந்த் தரையிலேயே அமர்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

மஹாதேவனின் கைப்பேசி ஒலித்தது. கும்பகோணத்துச் சோதிடர். அழைப்பை ஏற்காமல் கையில் வைத்துக்கொண்டு சம்பந்தியிடம் வந்தார். கோபம் வடிந்திருந்தது. வேறொன்று அங்கே இருந்தது. "லக்னம் கடகம் ஆயிடுத்து" என்றார். பிறகு, "ஏழு இருபத்தாறுன்னு சொல்லிடட்டுமா? நாம நாலு பேருக்குத்தானே தெரியும்" என்று கேட்டார். ஆணையாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகவே கேட்டார்.

"சொல்லலாம்" என்றார் கோவிந்தராஜன். "மாப்பிள்ளைக்கும் இப்படித்தானே யாரோ ஒருத்தர் ஒரு நேரத்தைச் சொன்னா? அன்னிக்குத் தெரியாம சொன்னா. இன்னிக்கு நாம தெரிஞ்சே தப்பாச் சொல்லணும். என் தப்புக்கு என்னை எத்தனை வேணும்னாலும் வையுங்கோ, சம்பந்தி. அந்தக் கொழந்தை தலையில அதை எழுதாதேங்கோ."

ஒலி நின்று மறுபடியும் தொடங்கியது. மஹாதேவன் தரையில் அமர்ந்திருந்த மகனை நெடுநேரம் பார்த்தார். பின்னர் கைப்பேசியைக் காதில் வைத்தார்.

"ஆமாம், பொண் கொழந்தை... எழுதிக்கோங்கோ. ஏழு அம்பத்திரண்டு. இல்லை, இல்லை, உத்தேசமில்லை, நிமிஷம் சுத்தம்." சற்றே நிறுத்தி, கோவிந்தராஜனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். "ஊரையும் போட்டுக்கோங்கோ. கல்கத்தா. உதயம் நாலு அம்பத்தொண்ணு. சென்னையைப் போட்டுத் தொலைச்சுடாதேங்கோ."