கட்டுக்கம்பியில் நின்ற கிளை

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது என்பார்கள். கருவேலம் வெட்டிய கையும் அப்படித்தான். ராமநாதபுரத்துக்காரன் நான், சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டு வளர்ந்தவன். அரபு நாட்டில் ராஸ் அல் கைமாவுக்குக் கட்டடக் கம்பி கட்டும் வேலைக்கு வந்து, கேம்ப்புக்குப் பின்னால் ஒற்றையாக நின்ற முள்மரத்தைப் பார்த்ததும், இந்தச் சனியன் இங்கேயும் வந்துவிட்டதா என்றுதான் நினைத்தேன்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, ஒரு வெள்ளிக்கிழமை. சமையல் என் முறை, கேஸ் தீர்ந்துபோயிருந்தது. ரம்பத்தை எடுத்துப்போய்த் தாழ்ந்த கிளை ஒன்றை அறுத்தேன். அது சாய்ந்த பிறகுதான் அதில் தொங்கிய தேன்சிட்டுக் கூடு கண்ணில் பட்டது. வாசலில் இரண்டு குட்டி அலகுகள் திறந்து மூடின.

பக்கத்தில் ஒட்டகம் மேய்த்த சூடான்காரர் ஓடிவந்தார். அரபியும் இந்தியும் கலந்து திட்டினார். நான் நினைத்த கருவேலம் இல்லையாம், இது சமர் மரமாம், அவர் நாட்டிலும் இதுதானாம். நெற்று ஒட்டகத்துக்கும் மானுக்கும், பூ தேனீக்கு, முள் குஞ்சுகளுக்குக் காவல். இதை விட்டால் இந்த வெட்டவெளியில் அதுகள் எங்கே போகும் என்று கேட்டார். எனக்கு அழுகை முட்டியது. ஊரில் என் மூன்று மாதப் பிள்ளையை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன்.

பாக்கெட்டில் எப்போதும் கட்டுக்கம்பி கிடக்கும். அவர் கிளையைத் தூக்கிப் பிடிக்க, பீமுக்குக் கட்டுவது போல மரத்தோடு சேர்த்து நாலு இடத்தில் முறுக்கினேன். முள் கையைக் கிழித்தது. கிழிக்கட்டும் என்று விட்டேன். பிறகு தள்ளிப்போய் உட்கார்ந்தோம். தாய் வந்து சுற்றிவிட்டுப் போய்விட்டது. மறுபடி வந்தது, மறுபடியும் போய்விட்டது. ரூமில் எட்டுப் பேர் பசியோடு என்னைத் தேடுவார்கள் என்று தெரிந்தும் எழுந்திருக்க முடியவில்லை. கடைசியில் அவர் என் தொடையைத் தட்டினார்.

"சதீக், ஷூஃப். உம்மா மௌஜூத்."

நண்பா, பார், அம்மா வந்துவிட்டாள் என்கிறார். அது கூட்டுக்குள் தலையை நுழைத்து ஊட்டிக்கொண்டிருந்தது.

அறுத்த கிளை எத்தனை நாள் தாங்கும்? இலை உதிர்ந்து கூட்டில் வெயில் விழுந்ததும் என் தலைத்துண்டை மேலே பந்தலாகக் கட்டினேன். டூட்டி முடிந்து தினமும் போவேன். மாமியார் வீட்டுக்கா மாப்ள என்று ரூமில் கேலி செய்தார்கள். ஒருநாள் போனால் கூடு காலி. நிமிர்ந்து பார்த்தால், மேலே பச்சைக் கிளையில் இரண்டும் ஒட்டி உட்கார்ந்து அம்மாவிடம் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

எத்தனையோ மாடிகளுக்குக் கம்பி கட்டியிருக்கிறேன். கான்கிரீட் போட்டதும் எங்களை அடுத்த சைட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். யார் குடிவந்தார்கள் என்று பார்த்ததே இல்லை. நான் கட்டியதில் ஒரு குடும்பம் இருந்து, பிள்ளைகள் வளர்ந்து போனதைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.