தொப்பூர் கணவாயில் நான் விட்டுவந்த கல்

போன மே மாதம் என் முதுகு வேலைநிறுத்தம் அறிவித்தது. ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் சரியாகும் என்று அலுவலகத்தில் ஆளாளுக்குச் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட அங்கே போனதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சேலத்தில் காலை ஆறே காலுக்குத் தர்மபுரி பஸ். அறுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு ரூபாய் நாற்பது காசு. ஜன்னலோரம் வேண்டுமென்றால் ஆறு மணிக்கே போய்விடுங்கள். நான் போகவில்லை, கோழிக்கூடைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

ஏழரைக்குத் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. "சார், சும்மாதான நிக்கிறீங்க, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லு வெய்ங்க" என்றார் கண்டக்டர். வண்டி பின்னால் உருளாமலிருக்க இங்கே எல்லோரும் செய்வதுதான். பெண்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் முதுகைப் பற்றி மூச்சுவிடாமல் பெரிய கல்லாகத் தூக்கினேன். கை அழுக்காகாமலிருக்க அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன். இருபது நிமிஷத்தில் வண்டி கிளம்பியபோது முதல் ஆளாக ஓடி ஏறி, கோழிக்காரரின் ஜன்னலோர இடத்தைப் பிடித்தேன். அந்த வெற்றியில் மற்றதெல்லாம் மறந்துபோனது.

அரை கிலோமீட்டர் தள்ளி சூசையம்மாவின் சாப்பாட்டுக்கடை. இட்லி பத்து காசு. பஸ் கால் மணி நேரம் நிற்கும். உள்ளே ஒரு ஏட்டு உட்கார்ந்திருந்தார். ஏன் என்பதை இரண்டாவது இட்லிக்குள் பக்கத்து லாரி டிரைவரிடம் கறந்துவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன் மாது என்ற பதினாறு வயது லாரி கிளீனர், சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுக்காமல் போய்விட்டான். சூசையம்மாவின் கணவர் ஆரோக்கியத்தின் சைக்கிள் அதில் மோதி, அவர் கால் ஒடிந்தது. திரும்பி வரும்போது இந்தக் கடையில் சேதி கேட்ட மாது, "நான் வெச்ச கல்லுதாங்க" என்று தானே சொன்னான். அவனுடைய லாரி டிரைவர் அவனை இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஆரோக்கியம் கால் ஊன்றும்வரை கடைக்குத் தண்ணீர் சுமப்பது, காலையும் மாலையும் கணவாய் முழுக்க நடந்து கற்களை அகற்றுவது என்று மூவரும் பேசி முடிவாயிற்று. இப்போது அவனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப ஏட்டு வந்திருக்கிறார்.

கருத்துச் சொல்லாமல் என்னால் இட்லி சாப்பிட முடியாது. "பதினாறு வயசுன்னு பாவம் பாக்கக் கூடாதுங்க. உள்ள போட்டாத்தான் பொறுப்பு வரும்" என்றேன். "படிச்சவரு சொல்றாரு பாரு" என்று ஏட்டு மகிழ்ந்தார்.

அப்போது மாது ஒரு கல்லோடு வந்தான். "இது ஏழாவதுக்கா. கூடவே இந்தத் துணி" என்று உதறிக் காட்டினான். மூலையில் என் மனைவி சிவப்பு நூலில் தைத்த மயில்.

"சார், அது உங்க வாத்துதான?" என்றார் கண்டக்டர்.

சூசையம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு என்ன வயசாவுதுங்க?"

"நாற்பத்தாறு" என்றேன். அங்கேயும் இரண்டைக் குறைத்துத்தான் சொன்னேன்.

"ஏட்டய்யா, கூட்டிட்டுப் போறதா இருந்தா ரெண்டு பேரையும் ஏத்துங்க. இல்லன்னா ரெண்டு பேரையும் வுட்டுட்டுப் போங்க."

"இவரு கல்லுல யாரு காலும் ஒடியலியேம்மா."

உள்ளே கயிற்றுக் கட்டிலிலிருந்து ஆரோக்கியத்தின் குரல் வந்தது. "ஏன்னா அவன் எடுத்துட்டான். ஒடிஞ்ச காலு என்னுதுங்க. அவன் எனக்குத்தான் பதில் சொல்லோணும். உங்க ஸ்டேஷன்ல குந்திக்கிட்டு யாருக்குச் சொல்லுவான்?"

மாது கல்லை இறக்கவே இல்லை. "நான் இப்ப வரலீங்க. அண்ணன் ரெண்டு காலையும் ஊனி நிக்கட்டும். அப்பறம் கூப்புடுங்க, நானே வர்றேன்."

ஏட்டு தொப்பியைத் தட்டினார், என்னைப் பார்த்தார். நான் சட்னியைப் பார்த்தேன். "மேல கேட்டா மறுபடி வருவேன்" என்று எழுந்தார்.

"வாங்க, இங்கதான் இருப்போம்" என்றார் சூசையம்மா.

பஸ் ஹாரன் அடித்தது. நைசாக நழுவப் பார்த்தேன். "சார், உங்க கல்லுக்கு யாரு பதிலு?" என்ற சூசையம்மாவின் கேள்வி முதுகில் விழுந்தது, அதுவும் வலிக்கிற இடத்தில். என் ஜன்னலோர இடம் நானில்லாமல் தர்மபுரி போனது. நான் மாதுவோடு நடந்தேன். இரண்டரை மணி நேரம், பதினொரு கற்கள். அவன் எனக்கு ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. "முதுக வளைக்காதீங்க, முட்டிய மடக்குங்க" என்றான், அவ்வளவுதான். மூன்று ரூபாய் கொடுத்து ஒகேனக்கல்லில் கிடைத்த வைத்தியத்தைவிட அது உருப்படியானது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: அடுத்த பஸ் பத்தே முக்காலுக்கு. உங்கள் வண்டி ஏற்றத்தில் நின்றால், வைத்த கல்லை ஓரத்தில் உருட்டிவிட்டுப் பிறகு ஏறுங்கள். இடம் போனால் போகட்டும். நான்கு நாள் கழித்து ஊர் திரும்பும் வழியில் கடையில் இறங்கினேன். ஏட்டு இன்னொரு முறை வந்து, வெறுங்கையோடு போனாராம். மாது சாலையில் இருந்தான். கைக்குட்டையைக் கேட்டேன்; சூசையம்மா தரவில்லை. ஏட்டு மறுபடி வந்தால் காட்டுவதற்காகக் கல்லாவுக்கு மேல் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். நீங்களும் பார்க்கலாம். அது மயில்.