அலகு வேலில் ஒரு சிவப்புக் கோடு

இரும்பை ஒட்ட இரும்பு ரொட், ஸ்டெயின்லெஸுக்கு அதற்கென்று உள்ள ரொட். இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் தனி ஆர்கன் வாயுவில் ஒட்ட வேண்டும். கேட் வேலைக்கு வைத்திருக்கும் கலவை வாயுவை அங்கே திறந்தால் ஒட்டுகிற துப்பாக்கியின் டங்ஸ்டன் முனை கருகிப்போகும். மஹய்யாவையில் என் வெல்டிங் கடைக்கு வருகிறவர்களிடம் இதையே சொல்லிக் கழுத்தறுப்பேன். அப்படிப்பட்ட நான்தான் அந்தக் கூத்தைப் பண்ணினேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷமாகப் பிள்ளை இல்லை. அக்காவுக்காக என் மனைவியின் தம்பி அம்மனுக்கு அலகு குத்துவதாக நேர்த்தி வைத்தான். கன்னத்தில் குத்துகிற அந்த வேல், மச்சான் என் கையால்தான் செய்ததாக இருக்கணுமாம். ஸ்டெயின்லெஸ் கம்பியில் முனையை ஒட்ட வேண்டும். ஒட்டிய இடம் கன்னத்துக்குள்ளே போகும். ஆர்கன் சிலிண்டர் காலி, சரியான ரொட்டும் முடிந்திருந்தது. டவுனுக்கு இறங்கினால் வாங்கலாம். சோம்பேறித்தனம், வேறென்ன! சின்ன ஒட்டுதானே என்று இரும்பு ரொட்டால் ஒட்டித் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டேன். எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது.

அலகு குத்த இரண்டு நாள் இருக்கும்போது, மனைவி அதை மஞ்சள் தண்ணீரில் தேசிக்காய் பிழிந்து ஊற வைத்தாள். காலையில் சாமியறையிலிருந்து கத்தினாள். ஓடினேன். ஒட்டிய இடத்தில் சிவப்பாக ஒரு கோடு.

"என்னாங்க, அம்மா குங்குமம் வச்சிருக்காங்க! இந்த வருஷம் நமக்குப் பிள்ளை குடுக்கப் போறாங்க!"

கூட நின்ற அவள் தம்பி கன்னத்தில் போட்டுக்கொண்டான். வாயை மூடிக்கொண்டால் அந்தத் துரு அவன் கன்னத்துக்குள் போகும். சொன்னால், எட்டு வருஷத்தில் நான் பார்க்காத அந்தச் சந்தோஷம் அவள் முகத்திலிருந்து போய்விடும். பாவி, ஒரு ரொட் வாங்கப் போயிருக்கக் கூடாதா நான்!

"அது குங்குமம் இல்ல, துரு," என்றேன். "இரும்பு ரொட்டுல ஒட்டிட்டேன்."

அவள் விரலால் தேய்த்துப் பார்த்தாள். "போய்ச் சரியா செஞ்சிட்டு வாங்க," என்றாள். என்னைத் திட்டக்கூட இல்லை.

அன்றைக்கே ஆர்கனும் ஸ்டெயின்லெஸ் ரொட்டும் வாங்கி வந்து, பழைய ஒட்டை வெட்டியெறிந்து புதிதாக ஒட்டினேன். அவள் திரும்பவும் மஞ்சள் தண்ணீரில் போட்டாள். மறுநாள் காலையில் அந்த அலகு வேலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கறை இல்லை, அம்மா வைத்த குங்குமமும் இல்லை. அதைப் பார்த்துத்தான் அழுதாள்.