அண்ணி டீசல் பம்பு மாற்றிய நாள்

அண்ணி கழற்றி என் உள்ளங்கையில் வைத்த அந்தப் பழைய பம்பு ஒரு கொட்டாங்கச்சி அளவுதான் இருந்தது. மேலெல்லாம் கரி. ஓரங்களில் எண்ணெய் கசிந்து, மண் ஒட்டி, தடித்துப் போயிருந்தது. "இத்தினியூண்டு சாமான்தான் பாப்பா, இம்மாம் பெரிய வண்டியப் படுக்கப் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, மூக்கு நுனியில் இருந்த கரியைத் துடைப்பதாக நினைத்து முகம் முழுக்க இழுத்துக்கொண்டார். எதிர்வீட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து அப்படி ஒரு காலைப்பொழுது அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. வாய்க்காமல் போனதற்கு நான்தான் காரணம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கருக்களாச்சேரி. அண்ணன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு பழைய ஃபோர்வீல் ஜீப்பை வாங்கி, பின்பக்கத்தை வெட்டி மீன்பெட்டி ஏற்றுகிற மாதிரி மாற்றிக் கட்டியிருந்தான். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால் கடற்கரை மணலுக்குள் படகு வரைக்கும் இறங்கிவிடும். ஆட்டோவோ வேனோ தார்ச்சாலையைத் தாண்டி வராது. படகிலிருந்து சாலை வரை பெண்கள்தான் கூடையைத் தலையில் தூக்கிப் போகவேண்டும். அண்ணன் போன பிறகு ஜீப் ஆறு மாதம் பூவரச மரத்தடியில் சும்மா நின்றது. ஒருநாள் அண்ணி சாவியை எடுத்துக்கொண்டு போய் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தார். லைசென்ஸும் எடுத்தார். அதன்பின் எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேரின் மீன் அந்த ஜீப்பில்தான் காரைக்கால் மார்க்கெட்டுக்குப் போனது. நான் அப்போது பி.காம். முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். அண்ணி சம்பாதித்துப் போட, நான் சாப்பிட்டேன்.

அந்த வருஷம் மழைக்காலத் தொடக்கத்தில் ஜீப் மக்கர் செய்ய ஆரம்பித்தது. கிளம்பும், கொஞ்ச தூரம் போகும், விக்கி விக்கி நின்றுவிடும். புயல் எச்சரிக்கையால் ஒரு வாரமாகப் படகுகள் கரையிலேயே கிடந்தன. எச்சரிக்கை விலகி, சனிக்கிழமை எல்லாப் படகும் இறங்குவதாக இருந்தது. அப்படி அடைபட்டுக் கிடந்து இறங்குகிற நாளில் மீன் குவியும். காரைக்காலில் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டதற்கு, வண்டியை விட்டுவிட்டுப் பத்து நாள் கழித்து வரச் சொன்னார். அண்ணி திரும்பி வந்துவிட்டார். வியாழக்கிழமை மாலை, இஞ்சின் ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவி, விரலால் தொட்டு முகர்ந்து, எனக்கும் நீட்டினார்.

"ஆயில்னா கொறையும். இதுல ஏறியிருக்கு பாரு. டீசல் வாட வருதா? பம்புக்குள்ள இருக்கிற ரப்பர் ஜவ்வு கிழிஞ்சு டீசல் உள்ள எறங்குது. மேலயும் ஏறல. அதான் நிக்குது."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அண்ணி பிறந்தது பட்டினச்சேரிப் பக்கம். அவருடைய அப்பாவின் படகில் டீசல் இஞ்சின். "எங்க ஊட்டு இஞ்சினுக்கு ஏர் எடுத்து எடுத்துக் காச்சுப்போன கை இது" என்றார். உதிரிபாகக் கடையில் புதுப் பம்பும், பம்புக்கும் இஞ்சினுக்கும் இடையில் வைக்கும் கேஸ்கட்டும், ஆயிலும் வாங்கும்போது கடைக்காரர், "யாரும்மா மாட்டப் போறது?" என்று கேட்டாராம். "எங்க ஊட்டுலயே ஆளு இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்ததை அண்ணி இரண்டு முறை சொல்லிச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை வேலை தொடங்கியது. சேலைக்கு மேல் அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டை. முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். டேங்கிலிருந்து வரும் குழாயைப் பம்பிலிருந்து பிடுங்கி, டீசல் ஒழுகாமல் இருக்க அதன் வாயில் ஒரு போல்ட்டைத் திணித்தார். பம்பு இஞ்சினின் பக்கவாட்டில், கை நுழையவே இடமில்லாத சந்தில், இரண்டே போல்ட்டில் நின்றது. ஒன்று சுலபமாக வந்துவிட்டது. மற்றது கடல் காற்றில் துருவேறி அசையவே இல்லை. அண்ணி வண்டிக்கு அடியில் கோணிச் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, ஸ்பேனரை மாட்டி, கீழிருந்து உந்தினார். நான் டார்ச் பிடித்தேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். "டக்" என்று போல்ட் இளகியபோது, ஒடிந்துவிட்டதோ என்று மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். ஒடியவில்லை.

எதிர்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணியைவிட நாலைந்து வயது மூத்தவர். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அண்ணிக்கு இருந்த ஒரே சிநேகிதி. காலையில் ஒரு கிண்ணம் குழம்பு இங்கிருந்து போகும், மத்தியானம் ஒரு கிண்ணம் கூட்டு அங்கிருந்து வரும். அக்காவின் தம்பியும் என் அண்ணனும் வளைகுடாவில் ஒரே தொழிலாளர் கேம்பில்தான் தங்கியிருந்தார்கள். அன்று கைதுடைக்கப் பழந்துணி கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டை அண்ணி பிளேடால் சுரண்டிச் சுத்தம் செய்தபோது, தூசி இஞ்சினுக்குள் போகாமல் துணியை அடைத்துப் பிடித்தது அக்காதான்.

புதுப் பம்பை மாட்டி, குழாய்களை இறுக்கி, ஆயிலையும் மாற்றியபின், குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றவேண்டும். ஃபில்டர் மேலிருந்த சின்னத் திருகைத் தளர்த்திவிட்டு, பம்பின் அடியில் இருக்கும் சின்ன நெம்புகோலை அண்ணி கையால் அடித்துக்கொண்டே இருந்தார். நுரை நுரையாக டீசல் வந்தது. பிறகு நுரை நின்று, தெளிவாக வழிந்தது. திருகை மூடினார். "அக்கா, ஏறிச் சாவியத் திருப்புங்க" என்றார். ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையில் அக்கா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "ஓடிரப் போவுதுடி" என்று கத்திக்கொண்டே கண்ணை மூடிச் சாவியைத் திருப்பினார். இரண்டு முறை இருமி, மூன்றாவது முறை வண்டி பிடித்துக்கொண்டது. புகை அடங்கிச் சீராக ஓடியது. அக்கா இறங்க மறுத்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என் மவனுக்குக்கூட இந்தச் சாமர்த்தியம் வராது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும்தான் படிச்ச" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. மூன்று மணி நேரம் டார்ச் பிடித்தவள் நான். என்னை யாரும் கணக்கில் எடுக்கவில்லையே என்று தோன்றியது.

அண்ணன் வெள்ளிக்கிழமை தோறும் என் போனுக்குத்தான் கூப்பிடுவான். அன்று கூப்பிட்டபோது அண்ணி குளித்துக்கொண்டிருந்தார். "உங்க அண்ணி என்ன பண்றா?" என்றான்.

"வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்துக் கெடக்காங்க. தெருவே நின்னு வேடிக்க பாக்குது" என்றேன்.

வேலை முடிந்து வெகு நேரமாகியிருந்தது. தெருவும் நிற்கவில்லை. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போன இருவர்தான் நின்றார்கள். அவர்களும் "ஏதும் கை குடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். "யாரு யாரு பாத்தாங்க?" என்று அண்ணன் கேட்டான். எனக்குப் பயம் வந்தது. "நான் சொன்னேன்னு சொல்லாதண்ணே" என்றேன். அந்த ஒன்றை மட்டும் அவன் கடைசிவரை காப்பாற்றினான்.

மறுநாள் ஜீப் நான்கு நடை அடித்தது. எங்கும் விக்கவில்லை. இரண்டரை மாதம் கழித்து அண்ணன் விடுப்பில் வந்தான். வந்த மூன்றாம் நாள் திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஒருவர் ஜீப்பை விலைக்கு வாங்க வந்து ஓட்டிப் பார்த்தார். அப்போதுதான் அண்ணிக்கு விஷயமே தெரியும்.

"என்னத்துக்கு விக்கிறீங்க? நல்லாத்தானே ஓடுது?"

"ஊரு சிரிக்குது. பொம்பள நடுத்தெருவுல படுத்து வண்டி பாக்குறான்னு. கேம்புல எனக்குத் தல நிமுர முடியல."

கேம்பு என்ற சொல்லில் அண்ணியின் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. அவர் கண் எதிர்வீட்டுக்குப் போய்த் திரும்பியது. தம்பியிடம் அக்காதான் சொல்லியிருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அண்ணி சண்டை போடவில்லை. அக்கா வீட்டுக் கிண்ணத்தைக் கழுவி, ஒன்றும் வைக்காமல், வெறும் கிண்ணமாகத் திருப்பிக் கொடுத்தார். அதோடு பேச்சு நின்றது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கா என்னைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தார்.

"உங்க அண்ணிக்கு எம்மேல என்ன கோவம்? நான் என்ன பண்ணேன்? நீயாச்சும் கேட்டுச் சொல்லேன்."

"தெரியலக்கா" என்றேன்.

பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஜீப் கைமாறிப் போனபின் அண்ணி திரும்பவும் கூடையைத் தலையில் தூக்கினார். இப்போது அவருக்கு இரண்டு முழங்காலும் மடங்குவதில்லை. நான் பி.எட். படித்து, நெரவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். ஸ்கூட்டரில்தான் போய்வருகிறேன். ஒருவரும் சிரிப்பதில்லை. அண்ணன் ஊரோடு வந்துவிட்டான். ஒருநாள் மணலில் பெட்டி தூக்கிக் களைத்துப்போய், "அந்த வண்டி இருந்திருந்தா" என்று ஆரம்பித்துவிட்டு, அண்ணி அருகில் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

போன ஐப்பசியில் எதிர்வீட்டு அக்கா இறந்துபோனார். சேதி கேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணி பந்தலுக்கு வெளியே, சாலை ஓரத்தில் நனைந்தபடி நின்றார். பன்னிரண்டு வருஷம் பேசாத வீட்டுக்குள் எப்படிப் போவது என்று நிற்கிறார் என்பது புரிந்தது. அருகில் போய் நின்றேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. அண்ணனிடம் சொன்னது நான்தான் என்பதையும், அக்கா குழாயடியில் கேட்டதையும் சொல்லி முடித்தேன்.

அண்ணி என்னைத் திட்டவில்லை. ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவங்க இருக்கையில சொல்லியிருக்கலாமே" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலைக் கையால் தாங்கிக்கொண்டு படியேறி உள்ளே போனார். சற்று நேரத்தில் அவர் குரல் கேட்டது. "நாந்தான் தப்பா நெனச்சிட்டேன் அக்கா. என்ன மன்னிச்சுருங்க." செய்தவள் நான் வெளியே நிற்க, அவர் உள்ளே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவின் மகள் அழுத முகத்தோடு என்னிடம் வந்தாள். "அவங்க எதுக்குங்க அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்குறாங்க?" என்றாள். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் ஆஸ்பத்திரியிலகூட அம்மா கேட்டுச்சுங்க" என்றாள். "அவளுக்கு எம்மேல என்ன கோவம்னு ஒனக்காச்சும் தெரியுமாடின்னு."

சொல்லிவிட்டு, அண்ணிக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.